ஒட்டகத்தின் அடிவயிறு

"சாவு வீட்ல வந்து சைக்கிளைக் கவுத்துப் போடுங்கிறியே, உனக்குக் கொஞ்சமாவது…"

"கவுக்காம எப்படிய்யா அடியில இருக்கிற நம்பரைப் பாக்கிறது? கடைசி ஒட்டகம் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழ நிக்குது. இவர் ஓட்டினது அதுக்கு முந்தினது."

"கடைசி வண்டிக்குப் பச்சை பூசினவன் நானு. எனக்கே சொல்றியா?"

"நீ பூசின லட்சணத்துலதானே நம்பரே தெரியல!"

பெயின்டரும் வெல்டரும் இப்படிக் கத்திக்கொண்டிருந்தது அவர்களுடைய முதலாளியின் தலைமாட்டில். முதலாளி இஸ்திரி போட்ட சட்டையோடு கூடத்தில் படுத்திருந்தார். பட்டறைச் சண்டை ஒன்றில் அவர் வாய் திறக்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

மகனுக்கு அழுகை வரவில்லை, வியர்வைதான் வந்தது.

"அண்ணே, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமே" என்றான்.

"அப்புறம் எப்போ தம்பி? எடுத்துட்டுப் போற வண்டி வரப்போகுது. முன்னாடி ஒட்டகம் போகணும். இதுதான் இங்க செஞ்ச கடைசி ஒட்டகம்னு நாலு பேருக்குச் சொல்லணும்" என்றார் பெயின்டர்.

"முந்தினதுன்னு சொல்லணும்" என்றார் வெல்டர்.

மூட்டை முடிச்சோடு மலை ஏறி இறங்கும் அந்த நெடும்பயண சைக்கிளுக்கு, வாங்கியவர்கள் வைத்த பெயர் ஒட்டகம். அதன் ஃபிரேம் செய்யும் வேலையைக் கடல் கடந்து வேறு நாட்டுக்கு அனுப்பியவன் மகன். அன்றிலிருந்து அப்பா பட்டறை வாசலை மிதிக்கவில்லை, மகனோடு பேசவுமில்லை. தேவையானது எல்லாம் அம்மா வழியாக வரும். ஒருநாள், "அவர் ஒட்டகத்தோட ஃபிரேம்ல விரிசலாம், உன்னை ஒட்ட வைக்கச் சொல்றார்" என்று வந்தது.

விரிசல் ஒட்ட வைக்கிற நிலையில் இல்லை. மகன் யாருக்கும் தெரியாமல் அதே அளவில் வெளிநாட்டு ஃபிரேம் ஒன்றை எடுத்து, அதே பச்சையைப் பூசி, பழைய சக்கரம், பழைய சீட், பழைய மணி எல்லாவற்றையும் மாட்டி அனுப்பினான். பெடல்கள் சேரும் இடத்துக்கு அடியில் மட்டும், நம்பர் இருக்க வேண்டிய இடத்தில், அந்த நாட்டின் பெயர் ஆழமாக வெட்டியிருந்தது.

அப்பா ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, வாசலில் இருந்தே தெருவுக்குக் கேட்கும்படி கத்தினார்: "இதுல்ல வண்டி! அந்த நாட்டுக்காரனுக்கு வருமா இது?"

அதற்கப்புறம் தினமும் காலையில் அதே கத்தல். மகன் மாத்திரை மாதிரி அதை விழுங்கிக்கொண்டு குளிக்கப் போவான்.

இப்போது அவன் நைசாகச் சைக்கிளைக் கொல்லைப்பக்கம் உருட்டினான். அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"அப்பா அங்க கிடக்கிறார், நீ எங்கடா சைக்கிளைத் தள்ளிட்டுப் போறே?"

"காத்து இறங்கியிருக்கு."

"இப்போ யாருடா ஓட்டப் போறா?"

அதற்குள் இரண்டு பேரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சீட்டும் ஹேண்டிலும் தரையில் படும்படி கவிழ்த்துவிட்டார்கள். மகன் துணி காயும் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இருவரும் பெடல்களுக்கு நடுவே உற்றுப் பார்த்தார்கள்.

"என்னய்யா இது?" என்றார் வெல்டர்.

மகன் குனிந்தான். வெட்டியிருந்த எழுத்துகளை முழுதாக மூடிக்கொண்டு கறுப்பாக ஒரு பஞ்சர் ஒட்டு. ஓரம் தூக்காமல், ட்யூபுக்குப் போடுவதைப் போலவே சுத்தமாகப் போட்டிருந்தது.

பெயின்டர் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். ஒரு ஓரம் உரிந்து எழும்பியது.

"உரிக்காதீங்க" என்றாள் அம்மா, பின்கட்டு வாசலில் இருந்து. "அவர் ஒட்டினது."

பெயின்டர் கையை எடுத்தார். பிறகு வெல்டரின் தோளில் கை போட்டார்.

"புரிஞ்சுதாய்யா? இதுதான் கடைசி நம்பர். நீ பாத்தா மனசு உடைஞ்சிடுவேன்னு மூடி வச்சிருக்கார்."

"எனக்காகவா?" என்று வெல்டர் துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார். "பட்டறையில இருந்தவரைக்கும் தினமும் திட்டுவாரேய்யா என்னை!"

"திட்டினா? நெனைப்பு இருந்திருக்குல்ல."

இருவரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அம்மா மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்போம்மா ஒட்டினார்?"

"நீ மாட்டி அனுப்பின அன்னிக்கே. மழையில உரிஞ்சிடும், திரும்ப ஒட்டுவார். சக்கரத்தைப் பிடிச்சுக்கிறது நான்தான்." குரலை இறக்கினாள். "'எனக்குத் தெரியும்கிறது அவனுக்குத் தெரிய வேண்டாம்'னார் உங்கப்பா."

"அப்போ தினமும் காலையில கத்தினது?"

"உன் ரூம் ஜன்னலைப் பாத்துதானே கத்துவார்."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கிய, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் ட்யூப் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

தெருவில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. உள்ளே யார் யாரோ எழுந்திருக்கும் சத்தம். அவன் உரிந்த ஓரத்தில் சொல்யூஷனைத் தடவி, ஊதி, கட்டைவிரலால் அழுத்தினான்.

"சீக்கிரம் கையை எடுத்திடாதே. நூறு எண்ணணும்" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போனாள்.

அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. மறுபடி ஹாரன் அடித்தது. அக்கா ஓடிவந்து அவன் தலைக்கு மேலே நின்றாள்.

"எல்லாரும் உனக்காக நிக்கிறாங்க. அதுக்கு அடியில அப்படி என்னதான்டா இருக்கு?"