நான்காம் அறைக்கு மாற்றப்பட்ட உரை

மார்ச்சு 14, சனிக்கிழமை நடந்த இணையதள வடிவமைப்பாளர் மாநாடு ஒன்றில் என் மகளின் உரையைக் கேட்க வந்த இருநூறு பேரை வேறோர் அரங்கில் உட்காரவைத்துவிட்டு, ‘உரைக்கு வரவேற்பில்லை’ என்று அவளுடைய அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார்கள் அம்மாநாட்டை நடத்தியவர்கள். இதுவே என் குறை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் ஒன்பது ஆண்டுகளாக இணையதளங்களை வடிவமைக்கிறாள். அவளுடைய அலுவலகத்தில் குழுத்தலைமைப் பதவி காலியானது. “கான்ஃபரன்ஸ்ல பேசும்மா. கேட்டவங்க என்ன மார்க் போடறாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்றேன்” என்றார் மேலாளர். முப்பத்தைந்து ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான். இப்படியொரு தேர்வைக் கண்டதில்லை. அவளோ நான்கு மாதம் உழைத்தாள். வேகம் குறைந்த இணைப்பிலும் திறக்கும் தளங்களைக் கட்டுவது எப்படி என்பது பொருள். சாப்பாட்டு மேசையில் என்னை உட்காரவைத்துப் பதினாறு முறை பேசிக் காட்டினாள். பதினாறாம் முறை எனக்கே விளங்கிவிட்டது.

மாநாட்டு வாயிலில் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினார்கள். அங்கே மனிதர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, அட்டையைப் படிக்கிறார்கள். என் அட்டையில் ‘விருந்தினர்’ என்று கண்டவர்கள் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். ஸ்டிக்கருக்கு ஒரு வரிசை. காப்பிக்கு ஒரு வரிசை. இலவசக் காலுறைக்கு எல்லாவற்றினும் நீண்ட வரிசை. கை நிறையச் சம்பளம் வாங்குவோர் ஒரு ஜோடிக் காலுறைக்கு முண்டியடித்தார்கள். முதலில் பேசியவர் ‘பயனரை நேசியுங்கள்’ என்பதை நாற்பது நிமிடம் அரைத்தார். அரைத்த மாவுக்கு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

நிகழ்ச்சி நிரல் தாளில் கிடையாது. அவர்களுடைய தளத்தில் மட்டுமே உண்டு. திறந்தால் ஒரு நீல உருண்டை சுழலும், வெடித்துத் துகளாகும், துகள்கள் கூடி மாநாட்டின் பெயராகும், அதன்பின்தான் நிரல். இதுவும் வீட்டில்தான். மண்டபத்தில் எண்ணூறு பேர் ஒரே வைஃபையை உறிஞ்சியதால், உருண்டை சுழன்றதோடு சரி.

முதல்மாடிப் பெரிய அரங்கில், பகல் இரண்டரைக்கு மகளின் உரை. இரண்டேகாலுக்கே அரங்கு நிரம்பியது. வரிசைகளை எண்ணினேன், இருநூற்றுக்குக் குறையவில்லை. அப்போது அமைப்பாளர் வந்தார். நாற்பது வயதிருக்கும், உச்சந்தலையில் கொண்டை.

“இந்த ஹால் ஸ்பான்சருக்கு வேணுமாம். உங்களைக் கீழ நாலாம் ரூமுக்கு மாத்திட்டோம்.”

“இவங்கள்லாம் எனக்காக உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட சொன்னீங்களா?” என்றாள் மகள்.

“சைட்ல போட்டாச்சே.”

“சைட்டே திறக்கலையே.”

“ரெஃப்ரெஷ் பண்ணாத் திறக்கும்.”

“மைக்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க தம்பி” என்றேன் நான்.

“மைக் ஸ்பான்சரோடது சார்.”

நான்காம் அறையில் இருபது நாற்காலிகள் இருந்தன, கூடவே ஓர் ஒலிபெருக்கிக்காரர். மகள் கணினியை இணைப்பதற்குள் நான் மேலேறினேன். ‘இங்கு 2.30க்கு நடக்கவிருந்த உரை, கீழ்த்தளம் நான்காம் அறையில் நடைபெறும்’ என்று ஒரு தாளில் எழுதி அரங்கின் கதவில் ஒட்டினேன். வாரி வழங்கப்பட்ட ஸ்டிக்கர்களில் நான்கு, அன்று முதன்முறையாக ஒரு வேலைக்குப் பயன்பட்டன. மூவர் படித்துவிட்டுக் கீழே இறங்கினர். நான்காமவர் படித்துக்கொண்டிருக்கையில், கொண்டைக்காரர் தாளைப் பிய்த்தெடுத்தார்.

“டிசைன் கான்ஃபரன்ஸ்ல இப்படி ஒட்டலாமா சார்? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?”

“கீழ போகணும்னு நினைப்பாங்க.”

“ஃபாண்ட்டே நம்மளோடது இல்ல சார்.”

அவர் சொன்னது என் கையெழுத்தை. கரும்பலகையில் கடைசி வரிசைக்கும் தெரிந்த கையெழுத்து அது. அவரோடு மல்லுக்கு நில்லாமல் அரங்கினுள் நுழைந்தேன். உள்ளே இருட்டு. ஸ்பான்சரின் விளம்பரப் படம் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது.

“உரை கீழ நடக்குது” என்று இருமுறை கத்தினேன்.

“உக்காருங்க பெரியவரே, மறைக்குது” என்றது ஒரு குரல். “காலுறை எல்லாருக்கும் உண்டு, அவசரப்படாதீங்க” என்றது இன்னொன்று. சுற்றிலும் சிரித்தார்கள்.

கீழே மகள் அந்த மூவருக்கும், ஒலிபெருக்கிக்காரருக்கும், எனக்கும் பேசினாள். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. தான் கட்டிய தளத்தை அதே நொண்டி வைஃபையில் திறந்து காட்டினாள். கண் இமைப்பதற்குள் திறந்தது.

“இன்னிக்கு இந்தக் கட்டடத்துல திறந்த முதல் சைட் இதுதான் மேடம்” என்றார் ஒலிபெருக்கிக்காரர்.

மதிப்பெண்ணையும் மாநாட்டுத் தளத்தில்தான் போடவேண்டுமாம். மூவரும் கால்மணி நேரம் போராடினார்கள். உருண்டை சுழன்றது. ஒருவர், “மனசுல போட்டுட்டேங்க” என்று கைகூப்பிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் மேலாளருக்குக் கடிதம் வந்தது. வருகை: மூவர். மதிப்பெண்: இல்லை. உரைக்கு வரவேற்பில்லை. அதே கடிதத்தின் அடியில், ‘அரங்கு நிறைந்த ஸ்பான்சர் நிகழ்ச்சி’ என்ற தலைப்பில் ஒரு புகைப்படம். அரங்கை நிறைத்தவள் என் மகள். பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் வேறொருவர். எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்பது இதுதான்.

மேலாளர் அக்கடிதத்தை மகளின் மேசையில் வைத்து, “மாசக் கடைசிக்குள்ள வேற எதாவது காட்டினா பாக்கறேன். இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்” என்றிருக்கிறார்.

“விடுங்கப்பா, எதைக் காட்டறது?” என்கிறாள் அவள். நான் விடுவதாயில்லை.

இதைப் படிக்கும் நீங்கள், அன்று இரண்டேகாலுக்கே அந்த முதல்மாடி அரங்கில் இடம் பிடித்தவர்களுள் ஒருவரா? ஆம் எனில், எவருடைய உரைக்காக அங்கே உட்கார்ந்தீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். மேலாளரின் முகவரியை இவ்விதழின் அலுவலகத்தில் கொடுத்துவைத்திருக்கிறேன், கேட்டால் தருவார்கள். எழுந்து படியிறங்க உங்களால் முடியவில்லை, போகட்டும். உட்கார்ந்தபடியே எழுதி, கையொப்பமிட்டு, மாத இறுதிக்குள் அனுப்புங்கள்.