மாமியாரின் பசி

அன்று காலை இருமல் மருந்து பாட்டில்கள் அத்தனையும் வாய் கோணிக்கொண்டு வந்ததற்கு மாப்பிள்ளைதான் காரணம். ஒரு பாட்டிலுக்கு உதடு பாதியிலேயே நின்றிருந்தது. இன்னொன்று சீட்டியடிக்கப் போகிறவன்போல் குவித்திருந்தது. பெல்ட்டில் அவை வரிசையாக நகர்ந்து வந்ததைப் பார்த்தால், பல் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்புகிற ஊர்வலம் மாதிரி இருந்தது. செக்கிங்கில் உட்கார்ந்திருந்த பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பெல்ட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

"யாரைக் கேட்டு நெருப்பைக் குறைச்சீங்க?"

"யாரையும் கேக்கலை சார். கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க."

"தெரிஞ்சேதான் குறைச்சீங்களா?"

"கேஸை மிச்சம் பிடிக்கலாம்னு பாத்தேன் சார். மாமியார் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிப்பாங்களேன்னு."

மாமியார் என்றால் உலை. அந்தக் கண்ணாடித் தொழிற்சாலையில் அதற்கு வேறு பெயர் கிடையாது. ராத்திரி பகல் பார்க்காமல் தீனி கேட்கும், ஒருநாளும் சூடு தணியாது, முதுகைக் காட்டிவிட்டு நகர முடியாது என்பதால் எவனோ ஒரு புண்ணியவான் வைத்த பெயர். அதைப் பார்த்துக்கொள்கிறவர் ஆதலால் நம் ஆள் மாப்பிள்ளை ஆகிவிட்டார். மீசை பாதி நரைத்து, சொந்த மகளே வேலைக்குப் போகிற வயதிலும் மாப்பிள்ளை. அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

அவர் செய்ததில் நல்லெண்ணம் இருந்தது, மூளைதான் இல்லை. நெருப்பைக் குறைத்தால் உருகிய கண்ணாடி கெட்டியாகும். கெட்டியான கண்ணாடி அச்சின் மூலைவரை போய் நிரம்பாது. இது அவருக்குத் தெரியாததல்ல. கவலை ஒரு பக்கம் இழுக்க, கை தானாக வால்வுக்குப் போய்விட்டது.

கவலைக்குக் காரணம் கப்பல்.

எங்கோ இரண்டு வல்லரசுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு ஜலசந்தி. அதன் வழியாகத்தான் இந்த ஊருக்கு கேஸ் வர வேண்டும். சண்டை தொடங்கியதிலிருந்து குழாயில் அழுத்தம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கப்பல் மட்டும் எப்படியோ தப்பித்து வந்துகொண்டிருக்கிறது என்று பேச்சு. அது வந்துவிட்டால் பிழைத்தோம்.

பேக்கிங் பிரிவில் ரேடியோ என்று ஒருத்தர் உண்டு. நிறுத்தினாலும் பேசுவார். கேண்டீன் மேஜையில் கோண வாய் பாட்டில்களை அடுக்கி, அன்றைக்கு அவர்தான் உலக அரசியல் நடத்தினார்.

"இது ஒரு வல்லரசு. இது இன்னொண்ணு. இவன் வழியை மறிக்கிறான். அவன் 'எண்ணெய், கேஸ் எல்லாம் எங்கிட்ட வாங்கு, விலை மட்டும் கேக்காதே'ங்கறான். இந்தக் குட்டிங்கல்லாம் பணக்கார நாடுங்க. கடல்ல எவன் கப்பல் மிதந்தாலும் ஏலம் கேக்கறானுங்க."

"நாம எங்க இருக்கோம்?" என்றார் மாப்பிள்ளை.

ரேடியோ மேஜையைத் தேடினார். "இங்கதான் ஒரு பிஸ்கட் தூள் கிடந்துச்சு. இப்பத் தட்டிவிட்டுட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்துப் பார்த்தார், டீ புரையேறியது.

கேஸ் அடுப்பு மாதிரி உலையை நினைத்தபோதெல்லாம் அணைக்க முடியாது. அணைந்தால் உள்ளே ஏரிபோல் நிற்கிற கண்ணாடி இறுகி, சுற்றியிருக்கிற செங்கலைப் பிளந்துவிடும். பிறகு அது உலை இல்லை, கல்லறை. புதிதாகக் கட்ட முதலாளியிடம் மனசும் இல்லை, காசும் இல்லை. காப்பாற்ற ஒரே வழி, கேஸ் தீருவதற்கு முன்னால், கண்ணாடி தண்ணீராக ஓடும் சூட்டிலேயே, அடியில் ஓட்டை போட்டு மொத்தத்தையும் வெளியேற்றிவிடுவது. அப்புறம் மெல்ல மெல்ல ஆறவிட்டால் செங்கல் தப்பும். என்றைக்காவது மறுபடி பற்றவைக்கலாம். ஆனால் அதுவரை எல்லோரும் வீட்டில்.

ஆக, கப்பல் வருமென்றால் சிறு நெருப்பில் காத்திருக்கலாம். வராதென்றால் இன்றே ஓட்டை போட வேண்டும். நாளைக்குத் தள்ளினால் கண்ணாடி ஓடுகிற சூட்டில் வைக்கவே கேஸ் போதாது. வருமா, வராதா? இதற்கு ஒரு வார்த்தை பதில் போதும். அந்த ஒரு வார்த்தைதான் உலகத்தில் எவனிடமும் இல்லை.

மாப்பிள்ளை மேனேஜரிடம் கேட்டார். "மேலிடம் பேசிக்கிட்டிருக்கு. வரும்னுதான் நினைக்கறேன். ஆனா உறுதியாச் சொல்ல முடியாது." கேஸ் கம்பெனிக்கு போன் போட்டார். அவருடைய அழைப்பு தங்களுக்கு மிக முக்கியமானது என்று ஒரு குரல் சொல்லி, பாட்டுப் போட்டுவிட்டுப் போனது. முழுப் பாட்டையும் கேட்டார். நல்ல பாட்டுதான்.

மிச்சம் இருந்தது மகள். அதே கேஸ் கம்பெனியில், கப்பல்களை ஏற்பாடு செய்கிற பிரிவில் இருக்கிறாள். வீட்டில் ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தாயிற்று. பிடி கொடுக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு, தலைவலி என்று எழுந்து போய்விடுவாள். "புள்ளையை நச்சரிக்காதீங்க, அவ வேலைக்கு உலை வைக்கப் போறீங்க" என்று மனைவி கண்ணை உருட்டினாள்.

மதியம் மாப்பிள்ளை மகளுடைய ஆபீசுக்கே போய் நின்றார். கரி படிந்த சட்டையோடு அந்தக் குளுகுளு ஹாலில் உட்கார மனம் வரவில்லை. வெள்ளை சோபா. நின்றபடியே சொல்லி அனுப்பினார்.

மகள் படபடவென்று இறங்கி வந்தாள். "என்னப்பா, அம்மாவுக்கு ஏதாவதா?"

"அம்மாவுக்கு என்ன, நல்லா இருக்கா. என்னைத்தான் திட்டிக்கிட்டிருக்கா."

"பின்ன ஏன் இங்க வந்தீங்க? யாராவது பாத்தா..."

"பாக்கட்டும்மா. காலைல ஒரு ஷிப்ட் பாட்டிலையும் நாசம் பண்ணிட்டேன். நெருப்பைக் குறைச்சு. கைக்குழந்தை வச்சிருக்கறவன் மாதிரி ஆயிட்டேன், என்ன செய்யறேன்னு எனக்கே தெரியலை."

அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருகிக்கொண்டே, "சப்ளை நிலைமையைத் தொடர்ந்து கவனிச்சுக்கிட்டு வர்றோம்ப்பா" என்றாள்.

"இதைத்தான் போன்லயும் சொன்னாங்க. அவங்க பாட்டாவது போட்டாங்க."

சிரிப்பு வர வேண்டிய இடத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட மாப்பிள்ளைக்குத் தோன்றியது. பெற்ற பெண்ணின் பிழைப்பில் கை வைக்க வந்திருக்கிறோமே என்று தன்னையே வைதுகொண்டார். ஆனால் அங்கே உலையடியில் கடப்பாரையோடு ஆட்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"யார் சண்டை, என்ன விலைன்னு எதுவும் எனக்கு வேணாம்மா. ஓட்டை போடணுமா வேணாமா? அதை மட்டும் சொல்லு."

மகள் அவரை ஓரமாக இழுத்துப் போனாள்.

"கப்பல் வராதுப்பா."

"ஜலசந்தியில மறிச்சுட்டாங்களா?"

"இல்லை. அதைத் தாண்டிடுச்சு. நாங்கதான் நடுக்கடல்ல திருப்பி விட்டோம். குளிர் வரப்போற ஒரு நாடு கூடுதல் விலை சொன்னுச்சு. இங்க தராததுக்கு அபராதம் கட்டினாலும் லாபம்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. கப்பலைத் திரும்பச் சொல்லிப் பேசினது நான்தான்."

அவர் இத்தனை நாள் கேட்ட ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும் ஓர் 'ஆனா' வந்திருந்தது. இதற்கும் வரும் என்று காத்திருந்தார்.

மகள் அவருடைய கரிக்கையைப் பிடித்தாள்.

"இன்னிக்கே ஓட்டையைப் போட்டுடுங்கப்பா. அடுத்த கப்பல்னு ஒண்ணு இல்லவே இல்லை."