முழங்கை மஞ்சள்

மட்டாஞ்சேரி அரிசிக் கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள பட்டறையில் ஆட்டோக்களுக்கு பெயிண்ட் அடிக்கிறவன் சுப்புராஜ். அவன் மஞ்சள் அடித்த வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுங்கும் என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். சொல்லாதவர்களிடம் அவனே சொல்லிக்கொள்வான். அப்பேர்ப்பட்ட வாய்க்காரன் டாக்டர் மஞ்சுஷாவின் அறையில் ஊமையாகிவிட்டான்.

அவன் மனைவி இசக்கிசெல்விக்கு இரண்டு முறை கரு உண்டாகி, துடிப்பு கேட்கும் முன்பே கலைந்திருந்தது. கோளாறு மருமகளிடம்தான் என்று ஊரிலிருந்து மாமியார் லோகாம்பாள் போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள். இசக்கிசெல்விக்கு எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் அவனைச் சோதித்தார்கள். உயிரணு எண்ணிக்கைக்குக் குறைவில்லை என்றதும் சுப்புராஜ் மீசையைத் தடவினான். டாக்டர் அடுத்த வாக்கியத்தில் கையை இறக்க வைத்தார்.

"சாக்கு நிறைய அரி உண்டு சேட்டா. பக்ஷே உள்ளே பாதியும் பொடியரி."

மலையாளத்தில் அரி என்றால் அரிசி, பொடியரி என்றால் நொறுங்கிய குருணை என்று அந்தத் தெருவில் வேலை பார்ப்பவனுக்குச் சொல்ல வேண்டுமா? ஒவ்வொரு அணுவுக்குள்ளும் டிஎன்ஏ என்ற இழை சுருண்டிருக்கிறது, அப்பன் பங்காகப் பிள்ளைக்குப் போவது அதுதான் என்றார் டாக்டர். பெயிண்ட் புகையும் தின்னரும் மூச்சிலும் தோலிலும் ஏறி அந்த இழையை நறுக்கிவிடலாம். கரு தங்காததற்கு அது காரணமாக இருக்கலாம். ஆனால் அணுக்கள் புதிதாக ஊறிக்கொண்டே இருப்பவை. மூன்று மாதம் நஞ்சைத் தள்ளிவைத்தால் நல்ல சரக்கு வர வாய்ப்புண்டு.

வெளியே வந்து இசக்கிசெல்வி அழுதாள். சுமந்த பழி இறங்கிய அழுகை அது. சுப்புராஜுக்கு அவளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஊரில் அம்மாவிடம் மட்டும் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளே பன்றி மூக்கு மாதிரி ஒரு மாஸ்க் வாங்கினான். கையுறை போட்டால் கலர் பதம் விரலுக்குத் தெரியாது என்று அதை மட்டும் விட்டுவிட்டான். பட்டறையே கேலி செய்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பொடியரி அப்படியே இருந்தது. அவன் ஆய்வகத்தைத் திட்டினான்.

ஒரு மத்தியானம் சோறு கொண்டுபோன இசக்கிசெல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள். மாஸ்க்கை ஒழுங்காக ஆணியில் மாட்டிவிட்டு, புருஷன் ஒரு டப்பாவில் கையை முக்கி முழங்கை வரை தேய்த்துக்கொண்டிருந்தான்.

"டாக்டரம்மா தின்னர் ஆவாதுன்னு சொன்னாவல்லா?"

"அது பெயிண்ட்ல கலக்குத தின்னர். இது கை கழுவுதது."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது. அந்த ஊர் பெயிண்டர்களுக்கு அது சோப்பு. சோப்பை யார் விஷம் என்று நினைப்பார்கள்?

அன்றிலிருந்து கையுறை வந்தது. அதற்கு மேலே தெறித்த மஞ்சளைத் தேங்காய் எண்ணெய் தேய்த்து எடுத்தான். சாயங்காலம் வீட்டு வாசலில் இசக்கிசெல்வி அவன் கையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள், சாயாவும் அப்புறம்தான். அடுத்த சோதனையில் பொடியரி முன்பிருந்ததில் பாதியாகக் குறைந்திருந்தது.

மழை பிடித்த சமயம் ஒருநாள், முகர்ந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். சுப்புராஜ் பதறிப் பின்னாலேயே போனான்.

"சத்தியமா தின்னர் தொடல செல்வி. தேங்கா எண்ணதான்."

"அந்த எண்ண வாடைதான் கொமட்டுது," என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

தேங்காய் எண்ணெய்க்கும் அன்றோடு தடை. ஸ்கேன் அறைக்கு முழங்கையெல்லாம் மஞ்சளாகத்தான் போனான். திரையில் துடிப்பு தெரிந்தது. அப்புறம் சத்தமும் கேட்டது. டாக்டர் அவன் முழங்கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

வெளியே வந்ததும் அம்மாவுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னான். இந்தத் தடவையாவது உன் பெண்டாட்டி ஒழுங்காக இருக்கட்டும் என்று லோகாம்பாள் ஆரம்பித்தாள்.

"அம்மா, முன்ன ரெண்டு தடவையும் தங்காதது என்னாலதான். இவளால இல்ல."

இசக்கிசெல்வி அவன் கையை இழுத்து, முந்தானையால் அந்த மஞ்சளைத் துடைக்கத் தொடங்கினாள். அது போகாது என்று அவளுக்கும் தெரியும்.