பத்து நிமிடம் முந்திய சீட்டு

தாராவியில் தோல் பை ஏற்றுமதி செய்யும் தனசீலன் அண்ணாச்சியின் அலுவலகத்தில், காலையிலிருந்து யாராலும் சரக்கு வாங்கும் ஜெர்மன்காரனின் இணையதளத்துக்குள் நுழைய முடியவில்லை. அடுத்த வருட ஆர்டருக்கான விலையை மாலை ஐந்துக்குள் அதில் ஏற்றியாக வேண்டும். தவறினால் ஆர்டர் போட்டிக்காரனான தேவ்நார் சாஜனுக்கு. சாஜனை நினைக்கும்போதெல்லாம் அண்ணாச்சி ஏலக்காய் மெல்லுவார். டப்பா பாதி காலி.

அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் கிளாரா மறுபடி பாஸ்வேர்டை அடித்தாள். நுழைவு ஏற்கப்படவில்லை என்று திரை மரியாதையாகச் சொன்னது.

மாட்டுங்காவிலிருந்து கம்ப்யூட்டர் பார்க்கும் பத்ரிநாராயணன் வந்திருந்தார். குக்கீகளை அழித்தார், வேறு பிரவுசரில் முயன்றார், சான்றிதழ் காலாவதியா என்று பார்த்தார். எல்லாம் சரி. உள்ளே மட்டும் விடவில்லை.

"பாஸ்வேர்ட நேரா அவன்கிட்டயே குடுத்தா என்ன? நடுவுல எதுக்கு நம்ம சர்வர்ப் பெட்டி?" என்றார் அண்ணாச்சி.

"அவன் பாஸ்வேர்டைக் கேக்கவே மாட்டான் அண்ணாச்சி. நம்ம சர்வர்தான் 'கிளாரா எங்காத்து மனுஷிதான், உள்ள விடு'ன்னு சீட்டு எழுதிக் குடுக்கறது. அதை நம்பி அவன் கதவைத் திறக்கணும்."

"எங்க சீட்ட நம்பமாட்டேங்கானா? எங்கப்பா காலத்துலேருந்து சரக்கு வாங்குதான்!"

சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தொட்டது. அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முடிஞ்சிது. ஏ பிள்ள, சாஜனுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பு. சின்னதா."

பத்ரி கைபேசியைப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கே?"

"அந்தக் கடிகாரம் பத்து நிமிசம் ஃபாஸ்ட்டுல்லா," என்றாள் கிளாரா.

கல்யாண் புறநகரிலிருந்து வரும் தையல்காரர்கள் நேரத்துக்கு வரட்டும் என்று அண்ணாச்சி செய்த ஏற்பாடு. அவர்கள் கைபேசியைப் பார்த்துத்தான் வருகிறார்கள். அந்தக் கடிகாரத்தை நம்புகிறவர் அண்ணாச்சி ஒருவரே.

பத்ரி மெல்லத் திரும்பினார். "சர்வர்ல என்ன டைம்?"

"காலையில அண்ணாச்சிதான் அதையும் மாத்தச் சொன்னாவ. ஆபீஸ்ல எல்லாம் ஒண்ணுபோல ஓடணும்னு."

"ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலியே சார்."

"நம்ம சீட்டு இன்னும் வராத நேரத்துல எழுதினதா இருக்கு. நாளைத் தேதி போட்ட செக்கை இன்னிக்கு எந்த பேங்க்ல வாங்குவா?"

இந்த பாஷை அண்ணாச்சிக்குப் புரிந்தது. "எத்தன நிமிசம் முந்தி இருந்தா பொறுப்பான்?"

"சரியான நேரமே வச்சுடறேன், விடுங்கோ."

"அய்யரே, கொஞ்சங்கூடப் பொறுக்காத ஏவாரி உண்டா வே? சொல்லும்."

"அஞ்சு நிமிஷம் வரைக்கும் விடுவான்."

"சலோ, நாலு வையும்."

"பேரம் பேசற நேரமா இது?"

"நாலு."

"சார், வச்சிருங்க. இவுக விடமாட்டாவ," என்றாள் கிளாரா.

பத்ரி நாலு வைத்தார். கதவு திறந்தது. கிளாரா விலையை ஏற்றினாள். பெற்றுக்கொண்டோம் என்றது திரை. சுவரில் ஐந்து தாண்டி எட்டு நிமிடமாகியிருந்தது.

"பாத்தீரா? கடிகாரத்த முந்தி வச்சதாலதான் தப்பிச்சோம்."

பத்ரி சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு பையை மூடினார்.

"அப்பம் ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம்லா அண்ணாச்சி?" என்றாள் கிளாரா.

அண்ணாச்சி ஏலக்காய் டப்பாவை மூடி உள்ளே வைத்தார்.

"அனுப்பு. பெருசா."