மார்கழியில் போட்ட கையெழுத்து

“ரெண்டாயிரத்து நாலு கடைசியில உங்க வீட்டுக்காரருக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சா?” சென்னைத் தூதரகத்தில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அமெரிக்க விசா அதிகாரி கேட்டதை, பக்கத்தில் நின்ற பெண் தமிழில் கேட்டாள். சிவசங்கரி யோசிக்கவே இல்லை.

“இல்லீங்க. தையிலதான் ஆச்சு.”

அதிகாரி இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். ஒன்று விருத்தாசலத்தில் வாங்கிய திருமணப் பதிவுச் சான்றிதழ். இரண்டாயிரத்து நாலு டிசம்பர் என்றிருந்தது. மற்றது, மனைவியைக் காப்பாற்றத் தனக்கு வருமானம் உண்டென்று ராஜ்மோகன் எழுதிக்கொடுத்த உறுதியோடு இணைத்த அந்த வருஷத்து வரிக் கணக்கு. அதில் அவன் கல்யாணமாகாதவன். கணக்கைத் திருத்திக்கொண்டு வந்தால்தான் விசா என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதிகாரிகள்மேல் குற்றமில்லை. ராஜ்மோகன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவன், லீவு கொஞ்சம். தையில் கல்யாணம் முடித்துப் பதிவு செய்தால், சான்றிதழ் கைக்கு வருமுன் அவன் விமானம் ஏறிவிட வேண்டும். அதனால் முன்கூட்டியே மாலை மாற்றிப் பதிவு செய்தார்கள். ஆனால் அது மார்கழி. மார்கழியில் யாராவது கல்யாணம் செய்வார்களா? மாமியார் கொளஞ்சியம்மாள் அலுவலக வாசலிலேயே மாலைகளைக் கழற்றவைத்தாள். “இது வெறும் கையெழுத்து. தாலி ஏறாம வூட்டுப் படி ஏறக்கூடாது” என்றாள். சிவசங்கரி அப்பா வீட்டுக்குத் திரும்பி, மறுநாள் வழக்கம்போலச் செராமிக் பொம்மைகளுக்குக் கண் எழுதப் போனாள். தை பிறந்து தாலி ஏறியது. அதைத்தான் ஊர் கல்யாணம் என்றது.

துணைக்கு வந்திருந்த மாமியார், ஊர் திரும்பும் வழியில் வேப்பூரில் பஸ் மாறும்போது கேட்டாள்.

“ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா என்னாடி கொறஞ்சிடும்?”

“நீங்கதான அத்த, இல்லன்னு சொன்னீங்க?”

கொளஞ்சியம்மாள் பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டாள். சிவசங்கரிக்கு விசாவைவிட வேறொன்று உறுத்தியது. அவ்வளவு தூரத்தில், பக்கத்தில் ஒருவரும் இல்லாமல், எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாமே அந்த மனுஷன். தனி ஆள் என்றல்லவா எழுதியிருக்கிறான்.

மறுநாள் காலை விஷயம் தெரிந்து ராஜ்மோகன் போன் செய்தான்.

“இங்க வரிக்கு, டிசம்பர் கடைசி நாள்ல யாரா இருக்கறமோ, வருஷம் பூரா அதான் கணக்காம். அப்படிப் பாத்தா அந்த வருஷம் பொங்கல்லேர்ந்தே நீ எம் பொண்டாட்டி.”

“பொண்ணு பாத்ததே கார்த்திகையிலதான?” சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். “ஏங்க, அத எழுதுறப்ப அத்த பக்கத்துல இல்லியே?”

அந்தப்பக்கம் அவன் குரலைத் தாழ்த்தினான்.

“மார்கழியில ஆச்சுன்னு எழுத கை வரல சங்கரி. ஆவாதுன்னாங்களே. எழுதி, ஒனக்கு ஏதாவது ஆயிட்டா?”

அவள் பதில் சொல்லுமுன் கொளஞ்சியம்மாள் ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

“திருத்தி எழுதுறியாடா?”

“எழுதுறம்மா. ஏன் மாத்தறன்னு வரி ஆபீஸ்ல காரணமும் கேக்கறான். எத்தினி மாசம் ஆவுமோ தெரியல.”

“நான் சொன்னன்னு எழுது.”

“ஒன்ன அவனுக்குத் தெரியுமாம்மா?”

“மாமியாருன்னு எழுது. எல்லா ஊர்லயும் தெரியும்.”

சொல்லிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி ரிசீவரை மருமகளிடமே நீட்டினாள்.

“வெச்சிடாத. இப்பவே எழுதுறன்” என்றான் ராஜ்மோகன். தாளைப் புரட்டும் ஓசை கேட்டது. தெருவில் களிமண் ஏற்றிய லாரி ஒன்று போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சிவசங்கரி மற்றொரு காதை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டாள். லாரி கடந்து போனபின்பும் கையை எடுக்கவில்லை. அந்தப்பக்கம் பேனா ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.