கேட்டுக்கு நேரே ஒரு வேப்பங்கட்டை

பன்னிரண்டில் பதினொன்று கிளம்பிவிட்டது. மிச்சம் ஒன்று. அந்த ஒன்றுதான், கேட் வரப்போகிற இடத்தில், போர்வெல் லாரி நுழைய வேண்டிய வழியை அடைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

டெல்லி ஓரத்தில், நஜஃப்கர் ஊரையும் தாண்டி, கடுகு வயலும் பண்ணை வீடும் மாறி மாறி வருகிற கிராமம் அது. மத்திய அரசில் முப்பத்தாறு வருடம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்ற சுந்தரேசன் அங்கே அரை ஏக்கர் வாங்கியிருந்தார். நிலத்தை விற்றவன் மரங்களை அறுத்து எடுத்துக்கொண்டு அடிக்கட்டைகளை மட்டும் இனாமாக விட்டுப் போயிருந்தான். பதினொன்று தைல மரம். பன்னிரண்டாவது வேம்பு, இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன்.

அவற்றை வேரோடு எடுக்க வந்தவள் கனிமொழி. வயது இருபத்துமூன்று. பி.எஸ்ஸி. தாவரவியல். அவள் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் காலேஜுக்குள் போனவர் அவள் அப்பா நல்லசிவம் மட்டும்தான். அவர் போனது கழிவறை அடைப்பு எடுக்க. கனிமொழி அருள்மணி என்பவரின் தோட்ட வேலை கம்பெனியில் ஆறு மாதமாக டிரெய்னி. அந்த ஆறு மாதம் இந்த வாரத்தோடு முடிகிறது.

"வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு போர்வெல் லாரி வரும். அதுக்குள்ள தரை சுத்தமா இருந்தா நீ சைட் இன்சார்ஜ், லெட்டர் என் கையில ரெடி. இல்லேன்னா கௌதமன்" என்று அருள்மணி சொல்லியிருந்தார். கௌதமன் அவருடைய அக்கா மகன். வேலை தெரியாது, ஆனால் வேலை நடக்கும் இடத்தில் எங்கே நாற்காலி கிடைக்கும் என்று தெரியும். கனிமொழியின் வீட்டில் இதுவரை யாருக்கும் வேலைக்கு லெட்டர் வந்ததில்லை. வந்த லெட்டர் எல்லாம் வீட்டைக் காலி பண்ணச் சொல்லித்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சுற்றிலும் பள்ளம் பறித்து, பக்க வேரைக் கோடாரியால் வெட்டி, சங்கிலி மாட்டி ஜேசிபியால் இழுத்தால் கட்டை பல்லைப் பிடுங்கியதுபோல் வந்துவிடும். பெரிய வேம்பைக் காலையில் பார்க்கலாம் என்று கனிமொழி கிளம்பும்போது, சுந்தரேசனின் மனைவி லதா மாமி ஒரு பையோடு காரிலிருந்து இறங்கினாள்.

"கனி, நாளைக்கு அதை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மன்னிப்பு கேட்டுடறேன். வேம்பு இல்லையோ, அம்பாள் சமாச்சாரம்."

"மேடம், பதினொண்ணைப் பிடுங்கியாச்சு. அதுக்கெல்லாம் மன்னிப்பு?"

"அது வெளிநாட்டு மரம்டி. அதுக்கு எதுக்கு?"

யாரிடம் மன்னிப்பு கேட்கவேண்டும், யாரிடம் கேட்கவேண்டாம் என்பதில் மாமிக்கு எப்போதுமே குழப்பம் இருந்ததில்லை. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் மாமி வீட்டில் பதினொரு வருடம் பாத்திரம் தேய்த்தவள் கனிமொழியின் அம்மா பாப்பம்மாள். அம்மா கூப்பிட்ட "மாமி" தன் வாயில் வரக்கூடாது என்பதற்காகவே கனிமொழி "மேடம்" போட்டாள். மாமி அதைக் கவனிக்கவே இல்லை. அது கனிமொழிக்கு இன்னும் எரிச்சல்.

மாமி கட்டைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி சுற்றி, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினாள். இப்போது வீடு இருக்கிற நரேலாவுக்கு இரண்டரை மணி நேர பஸ் என்பதால் கனிமொழி நின்று சண்டை போடவில்லை. அது தப்பாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து பார்த்தால், கட்டை பதவி உயர்வு பெற்றிருந்தது. மஞ்சள் துணிக்கு மேலே ஜரிகை வைத்த சிவப்புத் துப்பட்டா. அதைச் சுற்றிக் கண்ணாடி வளையல். எதிரே இரண்டு அகல், ஒரு தட்டு அல்வா, சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டு ஒன்பது பெண்கள். ஜேசிபி டிரைவர் ஜக்பீர், ஆறடி உயரம், முறுக்கிய மீசை, செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றான்.

"ஜக்பீர் அண்ணா, என்ன இது?"

"மாதா தேவி வந்துட்டாங்க மேடம். நான் தொட மாட்டேன். எனக்கு ரெண்டு குழந்தை இருக்கு."

பாட்டுக்குத் தலைமை சந்த்ரோ தாயி. பக்கத்து நிலத்துக்காரி, அறுபது வயது, வாயில் பீடி, கையில் எருமைக்கயிறு. தாயி ஹிந்தியில் தெளிவாகச் சாட்சி சொன்னாள்: "என் எருமை மூணு நாளா பால் குடுக்கல. ராத்திரி இங்க துணி கட்டியிருக்கேன்னு விளக்கேத்திட்டுப் போனேன். காலையில ரெண்டு லிட்டர். கட்டையும் துளிர் விட்டிருக்கு. அதுக்கு மேல என்ன பிரூஃப் வேணும்?"

அதற்குள் சுந்தரேசனும் மாமியும் காரில் வந்து இறங்கியிருந்தார்கள். கனிமொழி தாவரவியலை எடுத்தாள். வேம்பை வெட்டினால் அடியிலிருந்து துளிர் விடுவது இயல்பு, இது வெறும் கட்டை, மஞ்சள் துணி கட்டியது இந்த மேடம், இதோ நிற்கிறாரே, இவரைக் கேளுங்கள்.

மாமி முன்னே தள்ளப்பட்டாள். நாற்பது வருடம் டெல்லியில் இருந்தும் காய்கறிக்காரனைத் தாண்டாத ஹிந்தி அவளுடையது. தட்டுத் தடுமாறி, "நான் பூஜை பண்ணலை, மாஃபி கேட்டேன், மன்னிப்பு, அவ்வளவுதான்" என்றாள்.

"யார்கிட்ட கேட்ட?" என்றாள் தாயி.

மாமி கட்டையைக் காட்டினாள்.

"உள்ள ஆள் இல்லேன்னா யார்கிட்ட மாஃபி கேட்ட? நீ ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுவியா?"

ஒன்பது பெண்களும் தலையாட்டினார்கள். ஜக்பீரும் ஆட்டினான். சுந்தரேசன்கூட ஒருமுறை ஆட்டிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"நான் ஒண்ணு பண்றேன்" என்றார் அவர், காரின் பானெட் மேல் காகிதத்தை விரித்து. "நடந்ததை எழுதி, நகல் அஞ்சு எடுத்து, ஊர்த் தலைவர் பிரதானுக்கும் தாசில்தாருக்கும் ஒரு ரெப்ரசன்டேஷன் குடுத்துடலாம். பத்து நாள் டயம் குடுப்போம்."

"சார், லாரி ஒரு மணிக்கு."

"அப்ப ஏழு நாள்னு போட்டுக்கறேன்."

மணி பதினொன்று. ஃபோன் அடித்தது. அருள்மணி.

"என்னம்மா, தரை சுத்தமா?"

"ஒண்ணே ஒண்ணு பாக்கி சார்."

"அச்சா. நான் பன்னண்டரைக்கு வரேன். கௌதமனையும் கூட்டிட்டு வரேன், அவனும் சைட்டைப் பார்த்துக்கட்டும்."

ஆறு மாதம் வெயிலில் நின்றவள் கனிமொழி. பார்த்துக்கொள்ளப் போகிறவன் கௌதமன். ஃபோனைப் பாக்கெட்டில் திணித்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தாள். யாரும் செய்யாவிட்டால் என்ன, பள்ளத்தை அவளே பறிப்பாள்.

ஓங்கி ஒரு குத்து. இரண்டாவது குத்தில் ஹெல்மெட் கழன்று உருண்டது. மூன்றாவதில் கிளிப் உடைந்து முடி அவிழ்ந்து முதுகில் விழுந்தது. நெற்றி வேர்வையைக் கையால் துடைத்தாள். கட்டையைப் பிடித்திருந்த கை, அதில் இருந்த மஞ்சளும் குங்குமமும் அப்படியே நெற்றியில் ஏறிக்கொண்டன. ஒரு வேப்பந்துளிர் தலைமுடியில் சிக்கிக்கொண்டது. அவளுக்கு இது எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், ஜேசிபி என்கிற எட்டு டன் இயந்திரம் ஒரு அல்வாத் தட்டுக்கு முன்னால் வாயடைத்து நிற்கிறது என்பதுதான்.

கனிமொழி ஹிந்தியில் வேலை வாங்குவாள். இங்கிலீஷில் மெயில் அனுப்புவாள். கோபம் மட்டும் அவளுக்குத் தமிழில்தான் வரும். வந்தது.

"ஒரு கட்டைக்கு இத்தனை பேர் செருப்பைக் கழட்டிட்டு நிக்கிறீங்களா? போன ஜூன்ல எங்க வீட்டுக்கும் ஜேசிபி வந்துச்சு. அவன் செருப்பைக் கழட்டினானா? இஞ்சினை அணைச்சானா? யாராவது ஒரு ஆள் எங்க குடிசை இருந்த சாக்கடைக் கரைக்கு வந்து, அம்மா, இடிக்கப்போறோம், மன்னிச்சுக்கன்னு கேட்டீங்களா? நாப்பது வருஷம் எங்கப்பன் உங்க சாக்கடைய அள்ளினாரு. எங்கம்மா உங்க எச்சிப் பாத்திரம் தேச்சுச்சு. வெயில்ல நடுரோட்டுல மூட்டையோட உக்காந்திருந்தப்ப ஒருத்தர் அல்வா வேணாம், ஒரு டம்ளர் தண்ணி குடுத்தீங்களா? மஞ்சத்துணி கட்டினா ஜேசிபி நிக்கும்னு தெரியாமப் போச்சு. நாங்க முட்டாளுங்க, ரேஷன் கார்டையும் கரன்ட் பில்லையும் தூக்கிட்டு ஓடினோம். நிழலே இல்லாத ஊருல கொண்டுபோய்ப் போட்டீங்களே எங்களை, ஒருத்தராவது வந்து எட்டிப் பார்த்தீங்களா?"

கடப்பாரையைத் தரையில் குத்தி நிறுத்தினாள். உடம்பு கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

பாட்டு நின்றுபோயிருந்தது. ஒன்பது பெண்களும் எழுந்து கைகூப்பி நின்றார்கள். சந்த்ரோ தாயி பீடியைத் துப்பிவிட்டு முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"மாதா இவ மேல இறங்கிட்டா" என்று கிசுகிசுத்தாள். பிறகு மாமியிடம் திரும்பி, "அது தெய்வ பாஷையா, உங்க பாஷையா? என்ன சொல்றா?"

அந்த இடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருத்தி பேசியவள். ஒருவர் 'மேற்கண்டவாறு' வரை எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி உறைந்திருந்தார். மூன்றாவது மாமி. மாமியின் முகம் சுருங்கிக் கிடந்தது. எச்சில் பாத்திரம் யார் வீட்டுடையது என்று அவளுக்குத் தெரியும்.

மாமி தொண்டையைச் செருமினாள். அன்றைக்கு அந்த ஹிந்தி அவளுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"மாதா சொல்றா. என் வீட்டை இடிச்சாங்க, யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. வண்டி போற வழியில, வெயில்ல உக்காந்திருக்கேன். குடிக்கத் தண்ணி இல்லை. எனக்கு அல்வா வேண்டாம். நிழல் வேணும். இடம் வேணும்."

பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி விசும்பினாள்.

"எங்க போகணுமாம்?" என்றாள் தாயி.

மாமி கனிமொழியைப் பார்த்தாள். எல்லோரும் கனிமொழியைப் பார்த்தார்கள். நான் மாதாவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை என்று சொல்லக் கனிமொழி வாயெடுத்தாள். மூன்று வருடம் படித்த தாவரவியல் தொண்டைவரை வந்து நின்றது. அதே நேரம் பாக்கெட்டில் ஃபோன் அதிர்ந்தது, 'கௌதமனோட கிளம்பிட்டேன்' என்று அருள்மணியின் மெசேஜ்.

கனிமொழி வாயை மூடினாள். கையை மெல்லத் தூக்கினாள். நூறடி தள்ளி, ஊர்க் குளத்தின் கரையில், இரண்டு அரச மரத்துக்கு நடுவே நிழல் விழுந்த இடத்தைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்த வேகத்தில் எந்த கம்பெனியும் எந்த சைட்டிலும் வேலை பார்த்திருக்காது. ஜக்பீர் வெறுங்காலோடு ஏறி ஸ்டார்ட் பண்ணினான். ஒன்பது பெண்களும் மண்வெட்டி கொண்டுவந்து பள்ளம் பறித்தார்கள். "வேர்ல மண்ணு உதிரக் கூடாது. ஈரச் சாக்கு சுத்துங்க. குளத்துத் தண்ணி ரெண்டு குடம் ஊத்துங்க, ஜல்தி" என்று கனிமொழி கத்த, அதெல்லாம் மாதாவின் கட்டளையாகவே நிறைவேறியது. வேம்பு என்பதால் இப்படி எடுத்து நட்டால் பிழைக்கவும் கூடும். இந்த ஒன்று மட்டும் அவள் பாடத்தில் படித்தது. ஜேசிபி வாளியில் சிவப்புத் துப்பட்டாவோடு கட்டை ஏறியது. பின்னால் பாட்டும் எருமையுமாக ஊர்வலம் போயிற்று.

பன்னிரண்டரைக்கு அருள்மணி காரை விட்டு இறங்கியபோது ஒரு மூதாட்டி கனிமொழியின் சேஃப்டி ஷூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"சைட் க்ளியர் சார்."

அருள்மணி தரையைப் பார்த்தார். பள்ளம் மூடி, மண் இறுக்கி, லாரிக்கு வழி வழவழவென்று கிடந்தது. கௌதமன் நாற்காலி தேடினான். இருந்த ஒரே நாற்காலியில் சுந்தரேசன் உட்கார்ந்து ரெப்ரசன்டேஷனைக் கிழித்துக்கொண்டிருந்தார். அருள்மணி கவரை எடுத்து நீட்டினார். நீட்டும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று, இரண்டு கையாலும் நீட்டினார்.

லாரி நுழைந்த பிறகு மாமி ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தாள்.

"பாப்பம்மா எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையேடி."

"நீங்க கேட்டீங்களா?"

மாமி பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். கனிமொழி தண்ணீரைக் குடித்தாள். தாகம் வேறு, கோபம் வேறு.

மறுநாள் காலை, சைட் இன்சார்ஜ் கனிமொழி வந்து இறங்கும்போது வேலியோரம் சந்த்ரோ தாயி எருமையோடு காத்திருந்தாள்.

"மறுபடி பாலை அடக்கிக்கிச்சு. நேத்துப் பேசின பாஷையில இதுகிட்டயும் ரெண்டு வார்த்தை பேசிடு மகளே."

"தாயி, நான் மாதா இல்லை. நேத்து எனக்குக் கோபம் வந்துச்சு, அவ்வளவுதான்."

"தெரியும்" என்றாள் தாயி, பீடியைப் பற்றவைத்தபடி. "மாதாவுக்கு எதுக்கு பூட்ஸு? எனக்குப் பால் வந்தாச் சரி."

கனிமொழி எருமையைப் பார்த்தாள். எருமை அவளைப் பார்த்தது. ஹெல்மெட்டைக் கழற்றி வேலிமேல் வைத்தாள். நேற்றுச் சொன்னது பாதிகூட இல்லை; ரேஷன் கார்டைக் காட்டச் சொல்லி அலையவிட்டது, நரேலா பஸ், அம்மா வேலை போனது எல்லாம் அப்படியே பாக்கி இருந்தது.

"இங்க பாரு" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

எருமை குறுக்கே பேசாமல் கேட்டது. தாயி வாளியை மடிக்குக் கீழே நகர்த்தினாள்.