மேட்டு ஊர்களின் ரொட்டி வண்டி

அக்கா சோர்னித்சா காரை எடுக்குமுன், அம்மா தினமும் முன்சக்கரத்தடியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவாள். பயணம் தண்ணீரைப் போலத் தடையில்லாமல் ஓட வேண்டுமாம். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். அதனால் காருக்கடியில் எப்போதும் ஈரமாக இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. உண்மையில் காரின் வாட்டர் பம்ப் ஒழுகிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மேட்டு ஊர்களுக்கு ரொட்டி கொடுத்துவிட்டு இறங்கும்போது இன்ஜின் கீச்சென்று கத்தியது. அக்கா உடனே அதை நிறுத்திவிட்டு, சரிவிலேயே காரை உருட்டிக்கொண்டு பாலத்தடிப் பட்டறை வரை வந்துவிட்டாள். நானும் கூடவே இருந்தேன்.

மெக்கானிக் கன்ச்சோ இன்ஜினின் பக்கமூடியைக் கழற்றினார். பம்பிலிருந்து வழிந்த, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டில் டைமிங் பெல்ட் ஊறி, ஓரத்தில் பற்கள் உரிந்திருந்தன.

"தாயும் மகளும் தண்ணி ஊத்தி ஊத்தி வண்டியக் குளிப்பாட்டிட்டீங்க. இனிமே அதுக்கு சர்ச்சுல மெழுகுவர்த்திதான் ஏத்தணும்" என்று சிரித்தார்.

பெல்ட் அறுந்திருந்தால் வால்வுகள் வளைந்திருக்கும், நல்ல வேளை என்றும் சொன்னார். வியாழக்கிழமை பெல்ட்டை மட்டும் மாற்றித் தருவதாகவும், பம்ப் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்றும் சொன்னார். அக்கா பம்பின் புல்லிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினாள். அது பால்பல் போல ஆடியது.

அதற்குள் செய்தி, அக்கா தினமும் ரொட்டி ஏற்றும் பேக்கரிக்குப் போய்விட்டது. முதலாளி மின்கோ அங்கேயே வந்து நின்றார்.

"திங்கக்கெழமலேருந்து என் தம்பி மவன் போவட்டும்மா. உனக்கும் அலைச்சல் மிச்சம்."

"அலைச்சல் என்னோடது, அண்ணே. மிச்சம் மட்டும் உங்க வீட்டுக்கா?"

அவர் திரும்பி நடந்தார். அந்தத் தம்பி மகன் ஒருமுறை ரொட்டி ஏற்றிவிட்டால் அந்த வேலை திரும்ப வராது. எங்கள் மூவருக்கும் அடுப்பெரிவது அதில்தான்.

வியாழன்வரை காத்திராமல் அக்கா பெல்ட்டையும் பம்பையும் சேர்த்தே வாங்கினாள். பக்கத்து வீட்டு டிராக்டர் காரை எங்கள் முற்றத்துக்கு இழுத்து வந்தது. ஞாயிறு முழுக்க நாங்கள் இருவரும் அதனடியில் கிடந்தோம். பழைய பெல்ட்டைக் கழற்றுமுன், பற்சக்கரங்கள் நின்ற இடத்தை என் சிவப்பு நகப்பூச்சால் குறித்தோம். ஒரு பல் தப்பினாலும் இன்ஜின் போய்விடும். வேலியோரம் நின்ற ஆண்கள் கார் ஓடுமா என்று பந்தயம் கட்டினார்கள். யாரும் எங்கள் பக்கம் கட்டவில்லை என்று அம்மா எங்களருகே வந்து சொன்னாள்.

"நீ எங்க மேல கட்டேம்மா, நல்லா சம்பாதிக்கலாம்" என்றாள் அக்கா.

புதுப் பம்பைப் பொருத்தி, பெல்ட்டை இழுத்து மாட்டி, ஸ்பேனரால் இன்ஜினைக் கையாலேயே மெல்லச் சுற்றினோம். எங்கும் இடிக்கவில்லை. குறிகள் நேராக நின்றன. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஓடியது. வேலியோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

திங்கள் விடியலில் பேக்கரி வாசலில் தம்பி மகனின் வேன் நின்றது. பாதித் தட்டுகள் அதில் ஏறியிருந்தன. அக்கா எங்கள் காரை அதற்குப் பின்னால் ஒட்டி நிறுத்தினாள். வேனின் கதவைத் திறந்து, ஒவ்வொரு தட்டாக எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக் காரில் அடுக்கினேன். ரொட்டி கையைச் சுட்டது. தம்பி மகன் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"என்னம்மா இது?" என்றார் மின்கோ.

"மேட்டு ஊர்க்காரங்க சுடச்சுடச் சாப்பிட்டுப் பழகினவங்க அண்ணே. நின்னு பேசினா ஆறிடும்."

மீதித் தட்டுகளும் காரில் ஏறின; கடைசித் தட்டு மட்டும் வாசலுக்கு உள்ளே, மேசையில் அவருக்கு அருகே இருந்தது. அக்கா அதைத் தொடவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் அவளையும் பார்த்தார், காரையும் பார்த்தார். பிறகு தட்டைத் தூக்கி அவள் கையில் வைத்தார்.